பரணில் கிடப்பதைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது எப்படி

காவிரிப் படுகையில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதோ, வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமான பின்போ, பிள்ளைகள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ குடிபோகும்போதோ பரணிலிருந்து பொருட்கள் கீழே இறங்குகின்றன. தவலை, உருளி, ஈயச்சொம்பு, குத்துவிளக்கு, வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, மரக்கால், கூஜா, யாருடைய கல்யாணத்துக்கு எடுத்தது என்று இப்போது எவருக்கும் நிச்சயமாகத் தெரியாத ஒரு பட்டுப்புடவை என்று அவை கூடத்தில் பரவிக் கிடக்கும். அப்போது வீட்டில் இரண்டு யோசனைகள்தாம் எழும். எடைக்குப் போட்டுவிடலாம் என்பார் ஒருவர். கண்ணாடி அலமாரி செய்து அடுக்கி வைக்கலாம் என்பார் இன்னொருவர். முதலாவதில் பொருள் போய்விடுகிறது. இரண்டாவதில் பொருள் இருக்கிறது, ஆனால் அதைத் தொடுவதற்கு ஒருவருக்கும் வேலை இல்லாமல் போகிறது. இந்தக் குறிப்பு மூன்றாவது வழியைப் பற்றியது: ஒவ்வொரு பொருளுக்கும் அதை எடுக்க ஒரு நாளையும், எடுப்பதற்கு ஓர் ஆளையும் குறித்துக்கொண்டு, அதைப் புழக்கத்தில் வைத்திருப்பது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொள்ளவும் கூடாது என்பதே என் எண்ணம். ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் மூன்றைக் கேட்டுக்கொள்ளலாம். இது யார் கையில் இருந்தது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா? இன்றைய சமையலறையிலோ வீட்டு விசேஷத்திலோ இதற்கு ஓர் இடம் உண்டா? இதைத் தூக்கி இறக்கித் துலக்க ஆள் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிடலாம், அதில் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. நான்கு பேர் பிடித்துத் தூக்கவேண்டிய அண்டாவை அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொண்டு வருந்துவதைவிட, அன்னதானம் நடக்கும் ஊர்க் கோயிலுக்கு அதைக் கொடுத்துவிட்டால் ஆண்டுக்கு நாலு முறையாவது அடுப்பில் ஏறும். இந்தத் தேர்வைப் போகிக்கு முதல் நாள் அவசரமாகச் செய்யாமல், சித்திரை, வைகாசியில் பகல் நீண்டிருக்கும்போது நிதானமாகச் செய்வது நல்லது.

துலக்குவதற்கு முன் படித்தல்

பாத்திரத்தை இறக்கிய உடனே புளியைப் போட்டுத் துலக்கத் தொடங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. இப்பகுதியில் கல்யாணச் சீராகக் கொடுக்கும் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது நெடுநாள் வழக்கம். பாத்திரக் கடையிலேயே ஒருவர் சிறு உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தை உருவாக்குவார். இப்போது அந்த வேலையை மின்கருவி செய்கிறது, எழுத்தும் அதற்கேற்ப ஒரே சீராக இருக்கிறது. வாய் விளிம்பின் கீழோ, கழுத்திலோ, அடிப்புறத்திலோ ஊரின் முதலெழுத்து, தகப்பனாரின் முதலெழுத்து, பெண்ணின் பெயர், நாள் ஆகியவை இருக்கும். கொடுத்தவர் பெயரும் சிலவற்றில் இருக்கும். பல ஆண்டுகள் சாம்பலும் செங்கல் தூளும் பட்டுத் தேய்ந்ததில் எழுத்து மழுங்கியிருக்கும் என்பதால், இன்னொரு முறை கரகரவென்று தேய்ப்பதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

படிப்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பாத்திரத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, கொஞ்சம் அரிசி மாவை விரல் நுனியால் எழுத்தின் மேல் தேய்த்து, உள்ளங்கையால் மேலாக ஒரு முறை வழித்தெடுத்தால், மாவு குழிகளில் மட்டும் தங்கி எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். அப்படியும் தெரியவில்லை என்றால் அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைப் பாத்திரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் மறைந்திருந்த புள்ளிகள் பக்கவெளிச்சத்தில் நிழல் கட்டித் தெரியும். நாள் வெட்டப்படாத பாத்திரத்தின் காலத்தை எழுத்தின் வடிவத்தைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழித்த வடிவமோ, லை, னை ஆகியவற்றின் பழைய வடிவமோ பாத்திரத்தில் இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தியதாக இருக்கும். வெட்டியவர் பழைய பழக்கத்தை விடாதவராகவும் இருந்திருக்கலாம் என்பதால் இதை ஒன்றை மட்டுமே சான்றாகக் கொள்ளக் கூடாது.

படித்ததை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டில் விவரம் தெரிந்த மூத்தவர் இருந்தால் அவரிடம் கேட்கும் முறையும் முக்கியம். "இதைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல, பழைய சாமான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "அப்பாயி, இந்த உருளியில் கடைசியாக எதைக் கிண்டினீர்கள்?" என்று கேட்டால் லேகியம் வரும், லேகியத்துக்குச் சுக்கு இடித்தவர் வருவார், அவரோடு ஒரு தீபாவளியே வரும். யாருக்கு இரவல் கொடுப்பீர்கள், யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள் என்ற கேள்வியும் நன்றாக வேலை செய்யும். பேசுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டு, பிறகு சுருக்கி எழுதலாம். நீளமாக எழுதத் தேவையில்லை. இந்த அளவு போதும்:

"வெண்கல உருளி. அப்பாயியின் கல்யாணத்தில் தாய்மாமன் வரிசையாக வந்தது. தீபாவளி லேகியத்துக்கும் தைப் பொங்கலுக்கும் எடுப்பார்கள். ஒரு காது விட்டுப்போய்த் திருவாரூரில் பற்றவைத்தது. புளி சேர்ந்த பண்டம் எதையும் இதில் வைப்பதில்லை."

விளக்கு

படுகை வீடுகளில் எவ்வளவு கழித்தாலும் மிஞ்சுவது குத்துவிளக்கு. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் இதற்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் விளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்துப் பித்தளையை வார்த்து, கடைந்து, அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் வைத்த கொண்டை என்று தனித்தனியாகச் செய்து மரை போட்டுப் பூட்டியிருப்பார்கள். எனவே துலக்கும்போது முதலில் கழற்ற வேண்டும். பல வீடுகளில் விளக்கு ஆண்டுக்கணக்கில் கழற்றப்படாமலே இருந்து, மரைக்குள் எண்ணெய் இறுகி, பிறகு கழற்ற முற்படும்போது தண்டு வளைகிறது. இறுகியிருந்தால் மூட்டில் வெந்நீரை ஊற்றிச் சிறிது நேரம் விட்டு, துணியைச் சுற்றிப் பிடித்துத் திருக வேண்டும். இடுக்கியைப் போட்டால் பித்தளையில் பல் பதிந்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கைப் போக்காமல் புளியைத் தேய்ப்பதில் பயனில்லை. முதலில் பழைய துணியால் எண்ணெயை வழித்தெடுத்து, வெந்நீரிலும் சீயக்காய்த் தூளிலும் கழுவிய பிறகே, ஊறவைத்த புளியில் கொஞ்சம் உப்பைச் சேர்த்துத் தேய்க்க வேண்டும். புளியில் உள்ள அமிலம் பித்தளையின் மேல் படிந்த கறுப்பைக் கரைக்கிறது. அதே அமிலம் கழுவப்படாமல் மூலைகளில் தங்கினால் பச்சைக் களிம்பாகத் திரும்பி வரும். ஆகவே தேய்க்க எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அலசவும் துடைக்கவும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். கடைசியில் உலர்ந்த திருநீற்றைத் துணியில் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு வரும். கம்பி நாரும், கடையில் விற்கும் கடுமையான அமிலக் கலவைகளும் வேண்டாம். அவை கொடுக்கும் பளபளப்பு விரைவில் மங்குவதோடு, கடைசலின் மெல்லிய வரிகளையும் தின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை விளக்கைத் துலக்குவதில்லை என்பதால் பல வீடுகளில் வியாழன் மாலை அதற்கு உரியது. ஏற்றுபவர் யார் என்பதைக் குறித்துக்கொள்வதைப் போலவே, துலக்குபவர் யார் என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. அந்த வேலை வீட்டுப் பெண்கள் தலையிலேயே விழுந்து வந்திருக்கிறது. ஏற்றும் பெருமை ஒருவருக்கும் தேய்க்கும் சலிப்பு இன்னொருவருக்கும் என்றிருந்தால் எந்த வழக்கமும் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது. விளக்கை வாயால் ஊதி அணைக்காமல், பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டு மலையேற்றும் பழக்கத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிக்கொடுக்கலாம். அவர்கள் அதை விரும்பிச் செய்வார்கள்.

ஈயச்சொம்பும் ஈயப் பூச்சும்

இந்த வட்டாரத்தின் ரசத்துக்கென்றே உள்ள பாத்திரம் ஈயச்சொம்பு. பரணிலிருந்து வரும் பொருட்களில் மிகவும் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். நெருப்பில் வைத்த சில நிமிடங்களில் அடிப்பாகம் உருகி அடுப்பில் ஒழுகிவிட்டது என்று சொல்லும் வீடுகள் ஏராளம். இதற்குக் காரணம் எளியது. சொம்பு செய்யப்பட்டிருக்கும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தண்ணீரோ 100 டிகிரிக்கு மேல் ஏறாது. சொம்புக்குள் நீர் இருக்கும் வரை அந்த நீரே உலோகத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு அதைக் காக்கிறது. நீர் இல்லாத இடத்தில் தீ பட்டால் காக்க எதுவும் இல்லை.

ஆகவே வரிசை மாறக் கூடாது. புளித்தண்ணீரையும் தக்காளியையும் ரசப்பொடியையும் சொம்பில் ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். தீ அடிப்பாகத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும், பக்கங்களில் நாக்கை நீட்டக் கூடாது. சொம்பின் அடி சிறியதாக இருப்பதால், சிறிய பர்னரிலும் தீயைக் குறைத்தே வைக்க வேண்டியிருக்கும். புளியின் பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீரை விளாவி, விளிம்பைச் சுற்றி நுரை கட்டி மேலே எழும்பும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் ரசமும் கெடும், சொம்புக்கும் நல்லதல்ல. தாளிப்பதை எப்போதும் தனி இரும்புக் கரண்டியில்தான் செய்ய வேண்டும், ஏனெனில் நெய்யும் எண்ணெயும் நீரைவிட மிகுந்த சூட்டுக்கு எளிதாக ஏறும். மீதி ரசத்தை அதே சொம்பில் மறுபடி சுடவைப்பதானால், அடியில் தேங்கிய இரண்டு கரண்டியை நம்பி ஏற்றாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கழுவும்போது மெல்லிய துணியும் கொஞ்சம் சோப்பும் போதும். வெள்ளீயம் மிருதுவானது, கம்பி நார் பட்டால் கீறிவிடும். நசுங்கினால் வீட்டில் தட்டி நிமிர்த்த முயலாமல் பாத்திரம் செய்பவரிடம் கொடுக்க வேண்டும்.

ஒரு பழைய சொம்பைச் சமையலுக்கு எடுப்பதற்கு முன் அது வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்று பார்த்துக்கொள்வது அவசியம். காரீயம் உடலுக்கு நஞ்சு, குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். புளிப்பான பண்டத்தில் அது எளிதாக இறங்கும். காரீயம் வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சிலைப் போலக் கருஞ்சாம்பல் கோடு இழுக்கும். அளவுக்கு மீறிக் கனக்கவும் செய்யும். அப்படிக் கோடு விழுந்தால் அந்தச் சொம்பைச் சமையலறைக்குள் கொண்டுபோக வேண்டாம். கோடு விழவில்லை என்பதாலேயே கலப்பில்லை என்றும் முடிவு கட்ட முடியாது. ஐயம் இருந்தால் உலோகச் சோதனை செய்யும் இடத்தில் காட்டிவிட வேண்டும். எவ்வளவு நினைவு சேர்ந்த பொருளாக இருந்தாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பூச்சாடியாக அது தொடர்ந்து வாழலாம்.

பித்தளைத் தவலையிலும் அடுக்கிலும் சமைப்பதானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச்சில்லாத பித்தளையில் புளி, தயிர், தக்காளி எதைப் போட்டாலும் களிம்பு ஏறும். ஈயம் பூசுபவர் பாத்திரத்தைக் கரி அடுப்பில் துருத்தி வைத்துச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளைப் புகை எழும்போதே ஈயத்தைத் தொட்டு வைத்து, துணியால் உள்முழுதும் இழுத்துவிடுவார். மஞ்சளாக இருந்த உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருபவர்கள் அருகிவிட்டதால், பாத்திரக் கடைத் தெருவில் விசாரித்துத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. போகும்போது வெள்ளீயம் மட்டுமே பூச வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். முடிந்தால் கூடவே நின்று பார்க்க வேண்டும். பூசிய பாத்திரத்தையும் வெறுமனே அடுப்பில் காயவைக்கக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். உள்ளே மீண்டும் மஞ்சள் திட்டுகள் தெரியத் தொடங்கினால் மறு பூச்சுக்கு நேரமாகிவிட்டது என்று பொருள்.

நாளைக் குறித்தல்

பொருளைச் சீர்செய்தாகிவிட்டது என்றால், அடுத்து அதற்கு ஒரு நாள் வேண்டும். படுகையில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஆகஸ்ட் 2 அல்லது 3 தேதியில் வரும் ஆடிப்பெருக்கை எடுத்துக்கொள்வோம். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பது என்பது வழக்கமாயிற்று. நீர் உரிய காலத்தில் திறக்கப்படும் ஆண்டுகளில் ஆடி 18-க்குள் வாய்க்கால் வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். திருவையாற்றுப் படித்துறையிலும், கும்பகோணத்தின் பகவத் படித்துறையிலும், மயிலாடுதுறைத் துலாக்கட்டத்திலும், பெயர் தெரியாத நூறு வாய்க்கால் கரைகளிலும் அன்று வாழையிலை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, பழம், வெற்றிலை பாக்கு, காப்பரிசி வைத்துப் படைப்பார்கள்.

இதற்கென்று ஒரே தாம்பாளத்தையும் ஒரே செம்பையும் ஒதுக்கிவிடுவது சிறந்த ஏற்பாடு. ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர அந்தச் செம்பு, மஞ்சள் சரடுகளை அடுக்கி வைக்க அந்தத் தாம்பாளம் என்றிருந்தால், மற்றொரு நாளில் அதைத் தொடும்போதும் கைக்கு அது எதற்கு என்று தெரிந்திருக்கும். காப்பரிசிக்குப் பச்சரிசியை ஊறவைத்து நீரை வடித்து, வெல்லத்தைப் பொடித்துப் போட்டு, எள்ளும் பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் சேர்த்துப் பிசைந்தால் போதும். சரடு கட்டும் முறையில் பெண்களுக்குக் கழுத்தில், ஆண்களுக்கு மணிக்கட்டில் என்பது பொது வழக்கம். வீட்டு மூத்தவர் கையால் கட்டிக்கொள்வது எங்கும் ஒன்றுதான். பழைய சரட்டைக் குப்பையில் எறியாமல் மரத்தடியில் போடலாம்.

அந்த ஆண்டு மணமானவர்கள் கல்யாண மாலையை ஆற்றில் விட்டு, தாலிக்கயிறு மாற்றிக்கொள்வதும் அன்றே. கல்யாணம் முடிந்த மாலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பூத்து நாறிப்போகும். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். ஆற்றுக்குக் கொண்டுபோகும் முன் அதிலுள்ள ஜிகினாச் சரிகை, பிளாஸ்டிக் மணி, நைலான் நூல், கம்பி எல்லாவற்றையும் கத்தரித்து வீட்டிலேயே வைத்துவிட்டு, பூவையும் வாழைநாரையும் மட்டும் விடுவது காவிரிக்குச் செய்யும் மரியாதை. கடைமடையில் அந்தக் குப்பை மதகில் சிக்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளும் உண்டு, ஆறே இல்லாத ஊரில் வாழ்வோரும் உண்டு. அவர்கள் அதே செம்பில் வீட்டுத் தண்ணீரை நிரப்பி மஞ்சள் கரைத்துப் படைத்துவிட்டு, மாலையில் செடிக்கு ஊற்றிவிடலாம். பிள்ளைகள் இழுக்கும் சிறு மரச் சப்பரம் வீட்டில் இருந்தால், சக்கரத்தின் ஆணியைப் பார்த்து, வண்ணத்தாளை மட்டும் புதிதாக ஒட்டிக்கொடுங்கள். ஆண்டுதோறும் புதிது வாங்குவதைவிட, அப்பா இழுத்த சப்பரத்தை இழுப்பதில் பிள்ளைகளுக்குத் தனிப் பெருமை.

மரக்காலுக்கும் படிக்கும் நாள் தையில் இருக்கிறது. நெல் இப்போது கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாகப் போகிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மெட்ரிக் அளவைகள் வந்த பிறகு மரக்காலுக்கு வாணிபத்தில் இடமில்லை. ஆனாலும் பொங்கலுக்கு வைக்கும் புது அரிசியை வீட்டுப் படியால் அளந்து போடலாம். அளப்பவர் முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித் தொடங்கும் வழக்கத்தை அப்போது பிள்ளைகளும் கேட்டுக்கொள்வார்கள். வாய்பாட்டில் எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்றிருந்தாலும், நடைமுறையில் படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுப் படியில் அரிசியைப் போட்டுத் தலை தட்டி, தராசில் நிறுத்து, எத்தனை கிராம் என்று நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொன்ன "ஒரு படிக்கு இரண்டு ஆழாக்கு" வகைச் சமையல் குறிப்புகள் எல்லாம் அந்த ஓர் எண்ணால் மீண்டும் பயன்படத் தொடங்கும்.

அரிவாள்மனை, தையல் இயந்திரம், கொல்லுப்பட்டறையில் அடித்த களைக்கொத்து ஆகியவற்றுக்குச் சரஸ்வதி பூஜை இருக்கிறது. நாகூர், அதிராம்பட்டினம் பக்கத்து இசுலாமிய வீடுகளில் பலர் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் சஹன் தட்டு விருந்துக்கு இறங்குகிறது. அதற்கும் துலக்குபவர், எடுப்பவர், நாள் என்ற இதே கணக்கு பொருந்தும்.

வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டியவை

வெற்றிலைச் செல்லத்தில் கொஞ்சம் சிக்கல் உண்டு. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையின் பெருமை ஒரு புறம் இருக்க, புகையிலை மட்டுமல்லாமல் பாக்கையும் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே தாத்தாவின் செல்லத்தை அவர் பயன்படுத்திய முறையிலேயே பயன்படுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். விசேஷத்துக்கு வருவோருக்குத் தாம்பூலம் எடுத்துவைக்கவும், மற்ற நாட்களில் ஊசி, நூல், பொத்தான் போட்டு வைக்கவும் அதன் அறைகள் மிகப் பொருத்தமானவை. சுண்ணாம்பு டப்பியை மட்டும் வெந்நீரில் நன்றாகச் சுரண்டிக் கழுவிக் காயவைக்க வேண்டும். உள்ளே இறுகிய சுண்ணாம்பு ஈரம் பட்டால் தோலை அரிக்கும்.

பிரம்பு நாற்காலியின் இருக்கை பிய்ந்துவிட்டது என்பதற்காக அதைப் போகியில் கொளுத்த வேண்டாம். கொள்ளிடக் கரையை ஒட்டிய தைக்கால் பிரம்பு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே விசாரித்தால் மறுபடி பின்னிக்கொடுக்க ஆள் கிடைக்கும்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் படுகை வீடுகளில் சுவர் ஓதம் காக்கும். துணிக்கும் தாளுக்கும் அதுதான் எதிரி. சரிகைப் பட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மடிப்பை அவ்வப்போது மாற்றி மடித்து வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்தக் கோட்டிலேயே அறுந்துபோகும். பூச்சிக்குத் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்காகப் பின்பற்றும் முறையை வீட்டிலும் பின்பற்றலாம்: வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்து, கற்பூரம் சேர்த்து, சிறு துணி முடிச்சுகளாகக் கட்டி இடையிடையே வைப்பது. முடிச்சு துணியின் மேல் நேரடியாகப் படாமல் பெட்டியின் மூலையில் இருக்கட்டும், மணம் குறைந்ததும் மாற்றிவிடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளில் ஓடும் கூரையும் போன வீடுகளில் பாத்திரங்கள் கிடைத்தன, புகைப்படங்கள் கிடைக்கவில்லை. எனவே பழைய படங்களையும், மேலே சொன்ன நோட்டையும் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிட வேண்டும். படங்களின் பின்புறம் பேனாவால் எழுத வேண்டாம். மை ஊறி முன்பக்கம் தெரியும். மெல்லிய பென்சில் போதும்.

பங்கிடுதலும் அனுப்புதலும்

கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989-இலும், மத்தியச் சட்டம் 2005-இலும் சொல்லிவிட்டன; பரணில் மட்டும் பல வீடுகளில் இன்னும் பழைய சட்டம்தான் நடக்கிறது. அம்மாவின் பாத்திரம் மருமகளுக்கா, மகளுக்கா என்று எடை போட்டுப் பிரித்தால் கசப்புதான் மிஞ்சும். அதைவிட, எந்தப் பொருளின் வேலையை யார் செய்யப் போகிறார் என்று கேட்டுப் பிரிப்பது நல்லது: தீபாவளிக்கு லேகியம் கிண்டுபவருக்கு உருளி, ஆடிப்பெருக்கை விடாமல் செய்பவருக்குத் தாம்பாளம். இருவரும் ஒன்றையே கேட்டால் ஆண்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒருவர் பொருளை வைத்துக்கொண்டு அந்த நாளில் மற்றவரை வீட்டுக்கு அழைக்கலாம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் கையால் கொடுத்துவிட்டால் பாதி வழக்கு எழாது. கொடுக்கும்போது நோட்டில் அந்தப் பொருளுக்குரிய பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாத்திரத்தில் இடம் இருந்தால், பழைய பெயரை அழிக்காமல் அதன் கீழே புதிய பெயரையும் ஆண்டையும் வெட்டிக்கொள்ளலாம்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதானால் பாக்குவெட்டியைக் கைப்பையில் வைக்கக் கூடாது. விமான நிலையச் சோதனையில் பறிபோகும். விளக்கைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் துணியில் சுற்ற வேண்டும். ஈயச்சொம்புக்குள் பழைய பருத்தித் துணியை இறுக்கமாக அடைத்து, பெட்டியின் நடுவில் வைத்தால் நசுங்காது. பெறுபவர் வீட்டில் என்ன அடுப்பு இருக்கிறது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் ஈயமோ பித்தளையோ வெண்கலமோ சூடேறாது. அவர்கள் வீட்டில் சிறிய எரிவாயு அடுப்பு ஒன்றுக்கு இடமிருந்தால் சொம்பைக் கொடுங்கள், கொடுப்பதற்கு முன் ஒரு முறை அவர்களையே உங்கள் எதிரில் ரசம் வைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் தீயின் அளவை எழுதிக் காட்ட முடியாது. எரிவாயு அடுப்புக்கு வழியே இல்லை என்றால் அவர்களுக்கு விளக்கைக் கொடுத்துவிட்டு, சொம்பை ஊரில் இருப்பவரிடம் விடுங்கள்.